உள்பக்கம் கொண்டியில்லாத கதவு

அந்தக் கதவுக்கு உள்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கொண்டி இல்லை, கைபிடி இல்லை, பிடித்து இழுக்க ஒரு கயிற்றுத் துண்டுகூட இல்லை. வழுவழுவென்று சீவிய முதிரைப் பலகை மட்டும்தான். வெளியே ஒருவர் கொண்டியைப் போட்டுவிட்டால் உள்ளே இருக்கிறவள் இருக்க வேண்டியதுதான். மரவேலை தெரிந்த ஒரு ஓடாவி இப்படியும் கதவு செய்வானா என்று கேட்பீர்கள். காலிதீன் ஓடாவி செய்தார். அவர்மீது பிழை சொல்ல எனக்கு வாய் வராது. செய்வித்தவர்கள்மீது சொல்வேன், என் கண் மூடும்வரை சொல்வேன்.

என்னைக் கட்டிய மாப்பிள்ளை மக்கீன் மாவடிப்பள்ளி வயலில் பாம்பு கடித்து மௌத்தான அன்றே என்னை எங்கள் வீட்டுச் சாமான் அறைக்குள் இத்தா இருத்தினார்கள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் எவர் கண்ணிலும் நான் படக்கூடாது. அந்த அறைக்கு வாசல் இருந்தது, கதவு இல்லை. சாய்ந்தமருதில் பாதி ஊர் துக்கம் கேட்க வந்து போகிற வீடு. பக்கத்து வளவு வீட்டில் இருந்த என் மூத்தவள் ராத்தாவின் மாப்பிள்ளை அபூசாலி மச்சானுக்கு இது பொறுக்கவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் ஊர் என்ன கதைக்கும் என்று யோசித்தே பாதி ஆயுளைக் கழித்தவர்.

"கதவொண்டு போட்டா வேலை முடிஞ்சுது. ஓடாவியக் கூட்டிட்டு வாறன். ஆனா அவர் அறைக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடா," என்றார்.

அப்படியே நடந்தது. நான் தலையோடு போர்த்திக்கொண்டு, மூன்று வயது மகள் ஜெஸீமாவை மடியில் இறுக்கியபடி மூலையில் சுவரைப் பார்த்து இருந்தேன். நிலை வைத்தது, பிணைச்சல் அடித்தது, கொண்டி போட்டது எல்லாம் வெளியே நின்றபடிதான். கதவும் வெளிப்பக்கமாகவே திறந்தது. யன்னலையும் முற்றத்தில் நின்று பலகை வைத்து அடைத்துவிட்டார். எனக்குக் கேட்டதெல்லாம் சுத்தியல் சத்தமும் அவருடைய இருமலும்தான். இருமலை வைத்து ஆள் வயசாளி என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிகிற நேரம் அவர் மச்சானிடம் கதைத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"காக்கா, அவங்களே இழுத்துச் சாத்திக்கொள்ள உள்பக்கம் ஒரு கொண்டியும் கைபிடியும் கட்டாயம் வேணும். இப்பிடி உட்டுட்டுப் போக எனக்கு மனசு வருகுதில்ல."

"உள்ள போய் ஆணி அடிச்சு அதப் பூட்டப் போறது ஆரு? நீங்களா?"

"நான் எப்பிடிப் போற? நீங்க பூட்டுங்களன்."

"நானும் அவளுக்கு அந்நியன்தானே, ஓடாவியார். பொறகு பாப்பம்."

இரண்டு ஆண்பிள்ளைகளும் அந்நியர்களாகி, கதவு அரைகுறையாகி, நான் உள்ளே அகப்பட்டேன். உம்மாவிடம் கெஞ்சினேன். "கொண்டியையும் நாலு ஆணியையும் வாங்கித் தாங்க உம்மா, நானே அடிக்கிறன்."

"இத்தாவுல இரிக்கிறவ சுத்தியல் தூக்கிற? நல்ல கூத்து! ஆக்கள் வாயால சிரிக்க மாட்டாங்க," என்றாள் உம்மா.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. கோழி நுழையும், காற்றில் கதவு அடிக்கும் என்று உம்மா வெளியே கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் சமைக்கக் குசினிக்குப் போவாள். அது விழுகிற சத்தம் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைத் தள்ளிப் பார்ப்பேன். அவள் திரும்பி வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். "போடாதீங்க உம்மா" என்றால், "ஏன், எங்க ஓடப் போறாய்?" என்று பகிடி பண்ணுவாள். எனக்குச் சிரிப்பு வராது. குசினியில் அவளுக்கு மயக்கம் வந்தால்? வீடு தீப்பிடித்தால்? இத்தாவில் இருக்கிறவள் சத்தம் போட்டுக் கூப்பிடவும் கூடாது. ஆண்கள் காதில் குரல் விழுந்துவிடுமாம்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாம் வியாழக்கிழமை, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு காற்று கிளம்பியது. வாடைக் காற்றுக் காலம்தானே என்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பொழுது பட்டு மஃரிபு ஆவதற்குள் காற்று ஊளையிடத் தொடங்கிவிட்டது. அடைத்த யன்னலின் வெடிப்பு வழியாகப் பார்த்தேன். தென்னைகள் நிலத்தைத் தொடுமாப்போல் வளைந்து நின்றன. கூரையில் ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி விழுந்து உடைந்தன. கதவு படார் படாரென்று அடித்தது.

உம்மா கைவிளக்கோடு ஓடி வந்தாள். "ராத்தாட புள்ளைகள் கத்துதுகள். என்னெண்டு பாத்திட்டு ஓடி வாறன்."

"உம்மா, கொண்டியப் போடாம போங்க! அல்லாஹ்வுக்காகப் போடாதீங்க!"

"கதவு அடிச்சு உடைஞ்சிரும் புள்ள. ஒரு நிமிசம்."

கொண்டி விழுந்தது. அந்தச் சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது.

ஒரு நிமிடம் போயிற்று. உம்மா வரவில்லை. இரண்டு வளவுக்கும் நடுவே நின்ற தென்னைகள் மடமடவென்று முறிந்து விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு யாருடைய குரலும் கேட்கவில்லை. காற்று மட்டும்தான். என் விளக்கும் அணைந்துவிட்டது. தலைக்குமேல் ஓடுகள் போய் மழை நேராக எங்கள்மீது கொட்டியது. ஜெஸீமா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கதவத் தொறங்க உம்மா, கதவத் தொறங்க உம்மா," என்று அழுதாள். கொண்டி வெளியே கிடக்கிறது, எதைப் பிடித்துத் திறக்க? நகத்தால் பலகையின் ஓரத்தைக் கிளப்பப் பார்த்தேன். நகம்தான் பிய்ந்தது. தோளால் மோதினேன். முதிரைப் பலகை அசையவில்லை. யன்னல் பலகையைச் செம்பால் அடித்தேன். செம்புதான் நெளிந்தது. பாவி மனிதர், வேலையையும் நன்றாகச் செய்துவைத்திருந்தார்.

பிறகுதான் கடற்பக்கத்துச் சுவரில் கை வைத்தேன். சுவர் அசைந்தது. களிமண் வைத்துக் கட்டிய கல், மழையில் ஊறிப்போய், காற்று தள்ளும்போதெல்லாம் உள்ளே சாய்ந்து சாய்ந்து போனது. இந்தச் சுவர் எங்கள்மீதுதான் விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையைக் கதவோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கத்தினேன். எத்தனையோ நாளாகக் குசுகுசுத்தே பழகிய தொண்டை. அதிலிருந்து வந்த சத்தம் எனக்கே யாரோ ஒருத்தியின் சத்தமாகக் கேட்டது.

"உள்ள ஆள் இரிக்கா?"

ஆண் குரல். கூடவே அந்த இருமல்.

"ஓடாவியாரா? தொறங்க! கொண்டியத் தூக்குங்க!"

"பெண்டாட்டி புள்ளைகளப் பள்ளிக்கூடத்துல உட்டுட்டு வாறன். இந்தக் கதவுக்கு உள்ள ஒண்டும் பூட்டல்லியே எண்டுதான் மனசு கேக்கல்ல. அபூசாலி காக்கா எங்க? உம்மா எங்க?"

"ஒருத்தருமில்ல! சுவர் விழப்போகுது, தொறங்க!"

வெளியே பேச்சு நின்றது. சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து தொப்பென்று விழுந்தது. ஏன் திறக்கிறார் இல்லை? போய்விட்டாரா?

"புள்ள," என்றார் அவர். "நீங்க இத்தாவுல இரிக்கிற ஆள். நான் எப்பிடித் தொறக்கிற?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நான் செத்தா இத்தாவும் சேந்து முடிஞ்சிரும், காக்கா! மையித்துக்கா மறைப்புக் கட்டப் போறீங்க? தொறங்க!"

"சரி, சரி. தலைத்துண்டால கண்ணக் கட்டிக்கிறன். நான் பாக்கல்ல. அல்லாஹ் சாட்சியா நான் பாக்கல்ல."

இந்தச் சுவர் விழுகிற நேரத்தில் நின்று கண்ணைக் கட்டுகிற மனிதரை என்னவென்று சொல்வது! கட்டிக்கொண்டு கொண்டியைத் தடவித் தேடினார். கதவு இறுகிப்போனதால் அது கிளம்பவில்லை. ஏதோ ஒரு கல்லால் அடித்தார். கண் தெரியாமல் அடித்த அடியில் பாதி பலகையில் விழுந்தது, பாதி அவருடைய கையில் விழுந்திருக்க வேண்டும். "யா அல்லாஹ்" என்று முனகியது கேட்டது. கடைசியில் கொண்டி கிளம்பியது. கதவு திறந்தது. காற்று அதை எங்கள்மீது திருப்பி அறையாமல் அவர் முதுகு கொடுத்துத் தாங்கி நின்றார். நான் பிள்ளையோடு குனிந்து அவர் கைக்குக் கீழால் வெளியே வந்தேன். பின்னாலேயே அறைச் சுவர் இடிந்து விழுந்தது.

தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மின்னல் வெட்டியது. நாங்கள் நின்ற வீட்டு நடு மண்டபத்துக்குக் கூரை இல்லை. கூரையைத் தாங்கிய பெரிய மரம், முகட்டு வளை மட்டும் ஒரு பக்கம் சுவரை விட்டுக் கழன்று, அவர் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே தொங்கி ஆடியது. அவர் முகத்தில் துண்டு இறுகக் கட்டியிருந்தது.

"ஓடாவியார், வளை வருது! கண்ணத் தொறங்க! மேல பாருங்க!"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு கையால் துண்டை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"நீங்க போங்க புள்ள. நான் பாக்கமாட்டன்."

"அவுழுங்க! ஓடுங்க!" என்று கத்தினேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வளை இறங்கியது. அவரையும் கதவையும் சேர்த்து அடித்தது.

பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் அந்த மரத்தைத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் முகத்திலிருந்த துண்டை அவிழ்த்தேன். அடுத்த மின்னலில் பார்த்தேன். வயசாளி இல்லை. முப்பதுக்குமேல் இராது. கண் மூடித்தான் இருந்தது. மூச்சு இல்லை. கலிமா சொல்லிக்கொடுத்தேன், யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன். பிறகு பிள்ளையோடு தவழ்ந்துபோய்க் கிணற்றுக் கட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு கிடந்தேன்.

விடிந்தபோது எங்கள் தெருவில் வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. உம்மாவும் ராத்தா குடும்பமும் மாட்டு வண்டிலுக்குக் கீழே கிடந்து தப்பியிருந்தார்கள். எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு மூலையில் சீலை கட்டி என்னைத் திரும்பவும் மறைவில் இருத்தினார்கள். ஊர்ப் பெண்கள் சுற்றி வந்து இருந்தார்கள். முதல் கேள்வி அடிபட்டதா என்பதல்ல.

"அவர் ஒன்னப் பாத்தாரா?"

"பாக்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சீலைக்கு அந்தப்புறம் மௌலவி சொல்வது கேட்டது. "உயிராபத்து வந்தா அது பாவமில்ல. அந்த மனிசன் கண்ணத் தொறந்திரிக்கலாம்."

"அதக் கதவு போட்ட அண்டைக்கு வந்து சொல்லியிரிக்கலாமே!" என்று கத்தினேன். ஆண்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். உம்மா என் வாயைப் பொத்தினாள்.

ஜனாஸா அடக்கி முடிந்த பிறகு சீலையை விலக்கி இன்னொருத்தியைக் கூட்டிவந்தார்கள். வெள்ளை உடுத்தியிருந்தாள். காலிதீன் ஓடாவியின் பெண்டாட்டி நாச்சியா. அவளுக்கும் அன்றிலிருந்து இத்தா. வேறு இடமில்லாததால் எனக்குப் பக்கத்திலேயே இருத்தினார்கள். காற்றுக்கு நடுங்கியதைவிட அவளுக்கு நடுங்கினேன். என்ன கேட்பாள், நான் என்ன சொல்வேன்?

அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "கடைசியா என்ன சொன்னாரு?"

மறைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "வளை வருது, கண்ணத் தொறங்க எண்டு கத்தினன். பாக்கமாட்டன் எண்டு சொன்னாரு."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"வெளியில போகாதீங்க எண்டு கையப் புடிச்சன், உதறிட்டு வந்தவரு. மழைக்குள்ள போகாதீங்க எண்டா போவாரு. இருமலுக்குச் சுருட்டக் குடிக்காதீங்க எண்டா குடிப்பாரு. ஆருட சொல்லையும் ஒரு நாளும் கேக்காத மனிசன்." நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள். "பாக்கக் கூடா எண்ட இந்தச் சொல்ல மட்டும் ஏன் கேட்டாரு, ராத்தா? இத மட்டும் ஏன் கேட்டாரு?"

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் ஓவென்று அழுதேன். சீலைக்கு வெளியே இருந்த ஒரு பெண் தலையை உள்ளே நீட்டி, ஆம்பிளைகள் பக்கம் சத்தம் கேட்கிறதாம், கொஞ்சம் மெதுவாக அழச் சொன்னாள்.