அந்தச் சிவப்பு சேரை இறக்கு!

குட்டியானை ரிவர்ஸ் எடுத்து ரோட்டில் ஏறுவதற்குள் சுகிர்தா தன் ஸ்கூட்டரைக் குறுக்கே போட்டாள். ஸ்டாண்டு போடக்கூட நேரமில்லை. வண்டி சாய்ந்து விழுந்தது, கண்ணாடி தெறித்தது. அவள் திரும்பியும் பார்க்காமல் ஓடினாள். டிரைவர் ஜன்னலுக்குள் கையை விட்டாள். சாவியைத் திருகி உருவினாள்.

இன்ஜின் ஒரு இருமலோடு அடங்கியது.

"யக்கா! என்னக்கா செய்யுதிய?" டிரைவர் வாசிம் அலறினான்.

"அந்தச் சிவப்பு சேரை இறக்கு. சாவி தாரேன்."

அவள் விரலிடுக்கில் இன்னும் ஐப்ரோ நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தகவல் கிடைத்த நிமிஷமே பார்லரிலிருந்து கிளம்பியவள். அங்கே ஷமீரா என்ற கஸ்டமருக்கு ஒரு புருவம்தான் முடிந்திருந்தது.

கழுகுமலை ரோடு. உச்சி வெயில். வேல்சாமியின் வாடகைப் பாத்திரக் கடைக்கு இன்று கடைசி நாள். அண்டா, சாமியானா, டியூப்லைட் எல்லாம் விலைபோய்விட்டன. மிச்சமிருந்த ஃபைபர் சேர்கள் குட்டியானையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிக் கிடந்தன. அவற்றின் மேல் தனியாகக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது அந்தச் சிவப்பு. முதுகு, இருக்கை, இரண்டு கை எல்லாம் ஒரே வார்ப்பு. கீழே எவர்சில்வர் கால்கள். கீறல் இல்லை. வெளிறல் இல்லை. வலது கையில் ஒரே ஒரு சுருட்டுச் சூடு.

சுகிர்தாவின் சேர்ப் பைத்தியம் ஊரறிந்தது. இன்றைய பிளாஸ்டிக் சேரை அவள் சீண்டமாட்டாள். அறுபதுகளில் கண்ணாடி நாரைப் பசையில் தோய்த்து, அச்சில் அமுக்கி எடுத்த ஒரிஜினல்தான் வேண்டும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே நார் சேமியா மாதிரி ஓடும். ஓடாவிட்டால் போலி. தென்காசிப் பல் டாக்டர் வராந்தாவிலிருந்து ஒரு நீலம் பிடித்தாள். மூடிப்போன தியேட்டரின் மேனேஜர் ரூமிலிருந்து ஒரு சாம்பல். கடையநல்லூரில் யாகூப்பின் டிராவல்ஸ் ஆபீசிலிருந்து ஒரு மஞ்சள். விசாவுக்குக் காத்திருந்தவர்கள் நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதன் விளிம்பு ரம்பமாகியிருந்தது. எல்லாம் பார்லரில்தான் கிடக்கின்றன. வருகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டும்.

ஆனால் ஆறு வருஷமாக அவள் கண் இந்தச் சிவப்பின் மேல்.

"கடைய மூடுத அன்னைக்கு உனக்குத்தாம்மா" என்று வேல்சாமி வாக்குக் கொடுத்திருந்தார். அதே வேல்சாமி இப்போது ஷட்டருக்குப் பக்கத்தில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்க்காத இடத்தையும் துடைத்தார்.

"அண்ணாச்சி, வாக்கு என்னாச்சு?"

"மொத்தமா கேட்டாவ, குடுத்துட்டேன். நான் என்னம்மா செய்ய?"

"நான் சொல்றேன்." நிழலில் நின்ற காரிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு ஒருவன் இறங்கினான். பிரவின்ராஜ். ஒரு காலத்தில் இந்த ஊரில் பஞ்சு மில் வைத்திருந்தவரின் பேரன். குற்றாலத்தில் புதிதாக ரிசார்ட் கட்டுகிறான். "இது எங்க மில் கெஸ்ட் ஹவுஸ் சேர். மில் நொடிச்சப்ப ஏலத்துல போச்சு. இப்ப வீட்டுக்குத் திரும்புது. வழிய விடுங்க மேடம்."

"விட முடியாது தம்பி."

"ப்ரூஃப் வேணுமா?" போனை நீட்டினான். பழைய போட்டோ. நடுவில் அதே சேரில் அவன் தாத்தா, கால் மேல் கால் போட்டு, விரலில் சுருட்டு. படத்தின் ஓரத்தில் யாரோ காபித் தட்டோடு நிற்கிறார்கள். ஆள் படத்துக்குள் விழவில்லை. கை மட்டும் விழுந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேலே தேள் உருவத்தில் பச்சை குத்திய கை.

சுகிர்தா போனை வாங்கி விரலால் பெரிதாக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன பார்க்குறீங்க?"

"கைய."

"தாத்தா கையா?"

"இல்ல."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ரிசார்ட்டுல இத வச்சு என்ன செய்வீங்க?"

"ரிசப்ஷன்ல தாத்தா படம். கீழ இந்தச் சேர். சுத்திக் கயிறு கட்டிடுவேன். யாரும் உட்காரக் கூடாது."

"அடுத்தவங்கள உக்கார விடாத குடும்பம். மூணு தலமொறையா மாறவே இல்ல."

அவன் முகம் சுண்டியது. "பார்லருக்கு எதுக்கு மேடம் இது? புதுசா ரெண்டு சேர் வாங்கித் தரேன். போங்க."

சுகிர்தா வேல்சாமியைப் பார்த்தாள். அவர் கண் கெஞ்சியது. அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பையன் சேரைப் போட்டுவிட்டு குற்றாலம் வரைக்கும் ஓடுவான். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லி வாங்குவதாக இல்லை அவள். அது சேருக்குக் கேவலம்.

போன் அடித்தது. ஷமீரா.

"அக்கா, எனக்கு ஒரு புருவம்தான் இருக்கு!"

"இன்னொன்னு எங்கயும் ஓடிராது. உக்காந்திரு."

இதற்குள் பிரவின்ராஜ் கயிற்றை அவிழ்த்துவிட்டான். சேரைத் தூக்கி நடுரோட்டில் போட்டான். உட்கார்ந்தான். தாத்தா மாதிரியே கால் மேல் கால். இரண்டு கையையும் சேரின் கைகளில் நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, ஆடாமல் அசையாமல்.

"இப்ப சொல்லுங்க, யார் சேர்?"



எதிர் டீக்கடையில் வடையைக் கடித்தவர் மெல்லுவதை நிறுத்தினார். சைக்கிளில் வந்த பெரியவர் இறங்கி, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏ வேல்சாமி, யாரு வீட்டுப் புள்ளையா? சின்ன வயசாட்டு இருக்கே! எப்ப போச்சு உசுரு?"

பிரவின்ராஜ் தலையைத் திருப்பினான்.

"ஆத்தாடி! அசையுதான்!"

பூக்காரம்மா கூடையை மறந்து ஓடினாள். டீக்கடையில் ஒருத்தருக்குச் சிரிப்பில் புரையேற, இன்னொருத்தர் அவர் முதுகில் குத்தினார்.

"என்னங்க நடக்குது இங்க?" பிரவின்ராஜ் கத்தினான்.

வேல்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. "சார், எங்க ஆளுகள்ல பெரியவங்க போயிட்டாவன்னா படுக்கப் போடமாட்டோம். குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, மாலை போட்டு, சேர்லதான் உக்கார வைப்போம். தூக்குத வரைக்கும் அப்படியேதான். அதுக்குன்னு உள்ள சேர்தான் நீங்க உக்காந்திருக்கது. இது கடைய விட்டு வெளிய வந்தா எங்கயோ துஷ்டின்னு அர்த்தம்."

பிரவின்ராஜ் எழுந்த வேகத்தில் கறுப்புக் கண்ணாடி கழன்று விழுந்தது. சட்டையைத் தட்டினான். பேண்டைத் தட்டினான். "அதான்... அதான் புதுசு மாதிரி இருந்துச்சா?"

"உக்காந்தவங்க ஒருத்தரும் அசையலேல்லா."

டீக்கடை மொத்தமும் வெடித்தது. அந்தச் சிரிப்புதான் அவனைக் கெடுத்தது. பேசாமல் போயிருப்பான், சிரித்த பிறகு போக முடியவில்லை.

"வாசிம்! வண்டியில சுத்தியல் இருக்கா? ஒடைச்சுப் போடு அத."

"சார்..."

"பணம் கொடுத்து வாங்கினவன் நான். என் சேர். எங்க தாத்தா உட்கார்ந்த சேர்ல கண்ட பொணத்தையும் வச்சிருக்காங்க. ஒடைடா!"

வாசிம் சுத்தியலை எடுத்தான். ஆனால் நெருங்கவில்லை. அவன் கையிலிருந்து பிரவின்ராஜே பிடுங்கினான்.

சுகிர்தா நடந்து போனாள். சேலையை ஒதுக்கினாள். சேரில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையையும் வைத்து.

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கழுத்தில் தாலியோடு ஒருத்தி, பட்டப்பகலில், துஷ்டி சேரில்.

"ஏட்டி, எந்திரி!" வேல்சாமி பதறினார். "நல்ல நாளும் பொழுதுமா..."

"ஒடைங்க தம்பி. என்னையும் சேத்து."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"உங்களுக்குப் பயமே இல்லையா? பொணம் உட்கார்ந்த சேர்..."

"பொணம்னு சொல்லாதிய. அந்தப் போட்டோவ எடுங்க. எடுங்கன்னு சொல்லுதேன்லா!"

அவன் ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. எடுத்தான்.

"ஓரத்துல தேள் பச்சை குத்துன கை தெரியுதா? அது எங்க அம்மா. பேரு பாலம்மாள். உங்க கெஸ்ட் ஹவுஸ்ல காபித் தட்டோட நின்னவ. இந்தச் சேர தெனமும் தொடைச்சவ. உங்க தாத்தா சுருட்டு சுட்ட இந்த எடத்த எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தவ. ஒரு நாள், காலு கடுத்துதுன்னு, ஆள் இல்லாத நேரம் இதுல உக்காந்தா. உங்க தாத்தா வந்துட்டாரு."

பிரவின்ராஜ் போனில் அந்தக் கையைப் பார்த்தான்.

"அடிக்கல. வையல. நாலு பேரக் கூப்பிட்டு அவ கண்ணு முன்னால சேர டெட்டால் போட்டுக் கழுவச் சொன்னாரு. மறுநாள்லருந்து வேல கெடையாது. அதுக்குப் பொறவு எங்க அம்மா எந்தச் சேர்லயும் உக்காரல தம்பி. நான் பார்லர் தொறந்த அன்னைக்கும் தரையிலதான் உக்காந்தா. நானும் ஊர் ஊராப் போயி நீலம், மஞ்சள்னு இதே சாதிச் சேரா கொண்டாந்து போட்டேன். 'உக்காரும்மா, இது நம்ம சேர்'ங்கேன். தொடைச்சு வச்சுட்டுப் போயிருவா. சாகுத வரைக்கும் உக்காரல."

சுத்தியல் தாழ்ந்தது. 

"சரி. செத்த பிறகு அவங்களையும் இதுல உட்கார வச்சாங்க. ஊர்ல எல்லாரையும் மாதிரி. அதுக்கு நான் என்ன செய்ய?"

சுகிர்தா சிரித்தாள். இவ்வளவு நேரத்தில் முதல் தடவை.

"எல்லாரையும் மாதிரியா? அண்ணாச்சி, ஆறு வருஷத்துக்கு முன்னால இது என்ன சேருன்னு சாருக்குச் சொல்லுங்க."

வேல்சாமி தரையைப் பார்த்துச் சொன்னார். "மாப்பிள்ள சேர். கல்யாண வீட்டுக்கு மட்டும்தான் குடுப்பேன். துஷ்டிக்குன்னு பழைய இரும்புச் சேர் ஒன்னு தனியாக் கெடந்துச்சு."

"அம்மா போன அன்னைக்கு இவரு அந்த இரும்புச் சேரத்தான் எடுத்து வெளிய வச்சாரு" என்றாள் சுகிர்தா. வலது கையின் சுருட்டுச் சூட்டை விரலால் மூடிக்கொண்டாள். "நான்தான் இவர ஒதுக்கித் தள்ளிட்டு உள்ள போயி, இதத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு, தெருத்தெருவா எல்லாரும் பாக்க வீட்டுக்குக் கொண்டு போனேன். செத்தவங்கள்ல மொதல்ல இதுல உக்காந்தது எங்க அம்மா. அதுக்குப் பொறவு எந்தக் கல்யாண வீட்டுலயும் இதக் கேக்கல. மாப்பிள்ள சேர துஷ்டி சேரா ஆக்குனதே நான்தான்."