பொடிசின் கணக்கு

கணினியைப் போட்டதும் திரையில் இரண்டு வட்டங்கள் வரும். ஒன்றின் கீழே அண்ணனின் பெயர் இருக்கும். அதற்குள் நுழைய அவனுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல் வேண்டும். இன்னொன்றின் கீழே ‘விருந்தினர்’ என்று இருக்கும். அதைத் தொட்டால் போதும், கேள்வி கேட்காமல் திறந்துகொள்ளும். நான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த இரண்டாவது வட்டம்தான் என்னுடையது.

அன்று காலையிலும் இரண்டு வட்டங்கள் வந்தன. ஆனால் விருந்தினரைக் காணோம். அந்த இடத்தில் ‘பொடிசு’ என்று இருந்தது.

பொடிசு நான்தான். நாற்பதைத் தாண்டி, வகிட்டில் நரை விழுந்து, முட்டி வலிக்கு மாத்திரை போடுகிற என்னை இந்த உலகத்தில் இன்னும் பொடிசு என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அண்ணன். ராத்திரி எப்போதோ உட்கார்ந்து பெயரை மாற்றியிருக்கிறான். சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே வட்டத்தைத் தொட்டேன். கடவுச்சொல்லைக் கொடு என்று ஒரு பெட்டி வந்து நின்றது. சிரிப்பு போய்விட்டது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். அன்று பத்து மணிக்கு எனக்குத் தேர்வு. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்து, சோதித்து, முடிவு எழுதிக்கொடுத்தவள். கல்யாணம் ஆனதும் வேலை போனது, கொஞ்ச காலத்தில் உரிமமும் காலாவதியானது, கடைசியில் கல்யாணமும் முறிந்தது. உரிமத்தைத் திரும்ப வாங்க வேண்டுமானால் வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற இந்தத் தேர்வை எழுதித் தேற வேண்டும். வெளியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி எனக்காக ஓர் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது. இந்தத் தேர்வு வரைக்கும்தான் காத்திருப்போம் என்றும் சொல்லியிருந்தார்கள். தேறினால் வேலை, கூடவே தங்க ஓர் அறை. அந்த அறையில் நாற்காலியை எங்கே போடுவது என்றுகூட நான் யோசித்து வைத்திருந்தேன்.

வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் போனில் முடியாது, கணினியில்தான். தேர்வுக்கான மென்பொருளைப் போன வாரமே அந்த விருந்தினர் கணக்கில் ஏற்றி, அடையாள அட்டையைக் காட்டி, முகத்தையும் காட்டிப் பதிவுசெய்தாகிவிட்டது. எந்தக் கணினியில், எந்தக் கணக்கில் பதிவு செய்தோமோ அதிலேதான் எழுத வேண்டுமாம். உள்ளே நுழையப் பத்து மணிக்குத் திறப்பார்கள், பத்தரைக்கு மூடிவிடுவார்கள்.

“அண்ணி!” என்று கத்தினேன்.

அண்ணி சமையலறைப் பக்கத்து நடையிலிருந்து வந்தார், கழுத்தில் அளவு நாடா தொங்க. அண்ணி தையல்காரர். நான் வருவதற்கு முன் அவருடைய தையல் இயந்திரத்துக்கென்று ஓர் அறை இருந்தது. அது இப்போது என் படுக்கையறை. இயந்திரம் நடையில், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணி இதுபற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நடையைக் கடக்கும்போது நான்தான் இடுப்பை ஒடுக்கிக்கொண்டு போவேன்.

“பாஸ்வேர்ட் கேக்குது அண்ணி. அண்ணன் ஏதாவது சொன்னாரா?”

“எங்கிட்டயா? உங்கண்ணன் எங்கிட்ட சாப்பாட்டுல உப்பு கம்மின்னு மட்டும்தான் சொல்வாரு. போன் போட்டுப் பாரு.”

போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மேலே ஏறிவிட்டால் போன் கீழே பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கினால்தான் அவன் குரல் கேட்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன்.

பிறகு ஊகிக்க ஆரம்பித்தோம். என் பிறந்த வருடத்தை அடித்தேன், தவறு என்றது. அவன் வண்டி எண்ணை அடித்தேன், அதுவும் தவறு. அம்மாவின் பெயரை அடித்தேன். அதற்கும் தவறு என்று வந்தபோது செத்துப்போன அம்மாவை யாரோ வாசலோடு திருப்பி அனுப்பியது மாதிரி இருந்தது.

“உங்க கல்யாணத் தேதியா இருக்குமா அண்ணி?”

“அந்தத் தேதி அவருக்கு ஞாபகம் இருந்திருந்தா எனக்கு ஏன் இந்தப் பொழப்பு?” என்றார். இருந்தாலும் அவரே குனிந்து, ஒற்றை விரலால் பார்த்துப் பார்த்து அடித்தார். தவறு என்று வந்தது. அண்ணியின் முகம் கொஞ்சம் சுண்டித்தான் போனது.

பெட்டி அத்துடன் மறைந்தது. பலமுறை தவறாக முயன்றுவிட்டீர்கள், சிறிது நேரம் கழித்து வாருங்கள் என்று ஒரு வரி வந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். அண்ணி முந்தானையால் திரையைத் துடைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் யார் எதைச் செய்தாலும் சரி என்றிருந்தது.

பத்து அடித்துவிட்டது. தேர்வு உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். குரலைக் கேட்டால் என்னில் பாதி வயதிருக்கும், ஆனால் பொறுமை என்னைப் போல இருமடங்கு.

“மேடம், நீங்க அட்மின் கணக்கு வழியா உள்ள போய் அந்தப் பாஸ்வேர்டை மாத்திக்கலாம்.”

“அட்மின் நான் இல்லம்மா.”

“அப்ப அட்மினைக் கூப்பிடுங்க மேடம்.”

“அவரு கிரேன் மேல இருக்காரு.”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பாவம், அவளுக்கு எழுதிக்கொடுத்திருக்கிற பதில்களில் கிரேனுக்கு ஒன்றும் இருந்திருக்காது.

“வேற கணினியில எழுத முடியாதாம்மா? பக்கத்துல எங்கயாவது ஓடிடறேன்.”

“பதிவு பண்ணின கணக்குலதான் மேடம் எழுதணும். பத்தரை வரைக்கும் டைம் இருக்கு. ட்ரை பண்ணுங்க. ஆல் தி பெஸ்ட்.”

அவளை வையவும் முடியவில்லை. அவளும் யாரோ திறந்துவிட்ட கணக்கில் உட்கார்ந்துகொண்டு யாரோ சொன்னதைச் சொல்கிறாள். போனை வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பெட்டி திரும்பி வந்திருந்தது. இனி எதை அடிப்பது என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு தப்பு செய்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் விசைப்பலகைப் பக்கமே கை போகவில்லை.

அண்ணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். துறைமுக வாசல் காவலரின் எண் அவரிடம் இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டார். காவலர் சாவகாசமாக எல்லாவற்றையும் கேட்டார்.

“கிரேன் ஓடிட்டு இருக்கும்போது ஆளை இறக்க முடியாதும்மா. யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் எப்படி நின்றுகொண்டிருந்தேனோ தெரியாது.

“ஆமாங்க” என்றார் அண்ணி. “அவரு தங்கச்சிக்கு. ரொம்ப சீரியஸ்.”

“அய்யய்யோ. இப்பவே சொல்லி அனுப்பறேன்மா.”

போனை வைத்துவிட்டு, “இப்ப பாரு, ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுவாரு” என்றார். அண்ணி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. காதெல்லாம் சிவந்திருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கணம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. பேனாவையும் ஒரு தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன், அண்ணன் சொல்லச் சொல்ல ஓர் எழுத்துகூடத் தப்பாமல் எழுதிக்கொள்ளலாம் என்று.

போன் மேசையில் கிடந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருமுறை மணி அடித்தது, பாய்ந்து எடுத்தேன். யாரோ துணி தைக்கக் கொடுத்தவர், ஆகிவிட்டதா என்று கேட்டார். அண்ணி அவரிடம் பேசிய பேச்சை அவர் இனி மறக்க மாட்டார். அதற்கப்புறம் போன் அடிக்கவில்லை. நாங்கள் காவலரைக் கூப்பிட்டாலும் எடுப்பாரில்லை. சுவர்க்கடிகாரத்தில் பத்தரை ஆனதை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார், பார்க்காத மாதிரி நாடாவைச் சுருட்டினார்.

அதற்குப் பிறகுதான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நிறுத்திய சத்தம்கூட இல்லை, வண்டி சாய்ந்து விழுந்த சத்தம். அண்ணன் தலைக்கவசத்தோடு உள்ளே ஓடிவந்தான். மேலெல்லாம் வியர்வை. ஒரு காலில் செருப்பில்லை. நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பிறகு கிட்டே வந்து, நெற்றியைத் தொட்டு, கழுத்தைத் தொட்டு, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.

“என்னடா ஆச்சு உனக்கு? சீரியஸுன்னு சொன்னாங்களே. நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்.”

“போன் பண்ணியிருக்கலாமேங்க” என்றார் அண்ணி.

“போனை எங்க எடுத்தேன்? பெட்டி சாவியைத் தேடவா நேரம்? வண்டியை எடுத்துட்டு ஓடியாறேன்.”

அண்ணி உண்மையைச் சொன்னார். தேர்வு, பெட்டி, காவலர், பொய், எல்லாவற்றையும். அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தாண்டி அவனுக்கு எதுவும் உடனே ஏறவில்லை.

“பாஸ்வேர்டா? நான் பாஸ்வேர்டே போடலையேடா.”

“பெட்டி வந்து கேக்குதேண்ணா.”

“அது பேரை மாத்தினதுலேருந்து அப்படித்தான் கேக்குது. நானும் பாத்தேன். ஒண்ணும் அடிக்காம சும்மா என்டரைத் தட்டினா உள்ள போயிடும்.”

குனிந்து தட்டினான். போய்விட்டது. என் தேர்வுக்கான மென்பொருள் திரையின் நடுவில் விரிந்து, நுழைவு நேரம் முடிந்துவிட்டது என்றது.

ஒரு மணி நேரமாக அந்தப் பெட்டிக்குள் ஊரில் இருக்கிற பெயரையும் தேதியையும் எல்லாம் போட்டிருக்கிறேன். வெறுமனே தட்டிப் பார்க்க ஒரு தடவைகூடக் கை போகவில்லை.

“எதுக்குண்ணா பேரை மாத்தின?” என்று மட்டும் கேட்டேன்.

அவன் திரையைப் பார்த்தபடி சொன்னான். “நேத்து ராத்திரி கம்ப்யூட்டரைப் போட்டேன். விருந்தினர்னு இருந்துச்சு. தெனமும் பாக்கறதுதான், நேத்து என்னமோ பாக்கவே வயித்தெரிச்சலா ஆயிடுச்சு. என் வீட்டுல என் தங்கச்சி விருந்தாளியா? ஏற்கெனவே நீ நடையில போகும்போது வரும்போது சுவரோட ஒட்டிக்கிட்டுப் போற. எனக்குத் தெரியாதா? அதான் மாத்தினேன். காலையில பாத்துட்டு நீ சிரிப்பேன்னு நெனச்சேன்.”

“சிரிச்சேண்ணா” என்றேன். அது பொய்யில்லை.

“போகட்டும் விடு. அடுத்த வருஷம் எழுதிக்கலாம். இப்ப என்ன அவசரம்? உன்னை யாரு போகச் சொன்னா?”

இவனைத் திட்ட வேண்டும், தலையில் நாலு குட்டு வைக்க வேண்டும் என்று வெறியாக இருந்தது. ஒரு காலில் செருப்பில்லாமல் நிற்கிறவனை எங்கிருந்து திட்டுவது? “பரவாயில்லைண்ணா, போய்க் கால் கழுவு” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனேன்.

அண்ணி அடுப்புக்கு முன்னால் நின்றார். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. திரும்பாமலே பேசினார்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. நீ இதுல பாஸ் பண்ணிப் போயிடணும்னு நான் வேண்டிக்கிட்டேன். உனக்காக மட்டும் இல்ல. எனக்காகவும்தான். அந்த ரூமு எனக்கு வேணும்னு இருந்துச்சு. இன்னிக்கு நான் அந்தப் பொய்யைச் சொல்லாம இருந்திருந்தா அவரு நிதானமா இறங்கிப் போனாவது பண்ணியிருப்பாரு.”

“இல்ல அண்ணி. கிரேனை நிறுத்தியிருக்கவே மாட்டாங்க.”

“அது எனக்குத் தெரியாது” என்று சொல்லி, கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

இந்த வீட்டில் என்னிடம் ஒளிக்காமல் பேசியது அன்று அண்ணி ஒருவர்தான். அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். அவர் தன் அறையைக் கேட்டு அழுதார், நான் என் அறையைக் கேட்டு அழுதேன். இரண்டு பேருக்கும் கொடுக்க யாரிடமும் அறை இல்லை.

கூடத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டான். குரலில் பழைய உற்சாகம் வந்துவிட்டது. அன்றைக்கு இனி வேலைக்குப் போகப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது.

“பொடிசு, இங்க வாயேன். உன் பேருக்கு மேல வட்டம் சும்மா கெடக்கு. அதுல உன் போட்டோ போடலாமாம். வந்து கேமராவுக்கு நேரா உக்காரு.”

முகத்தைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். திரையில் என் மூஞ்சி தெரிந்தது, மூக்கு சிவந்து, கண் வீங்கி. அண்ணன் எனக்குப் பின்னால் நின்று, நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டான். போட்டோ நன்றாக வர வேண்டும், இனி தினமும் பார்க்கப் போகிறோம் இல்லையா என்றான்.

“கொஞ்சம் சிரிடா” என்றான்.

சிரித்தேன்.