பொய் ஜன்னல்

விடிந்ததிலிருந்தே பெயிண்டர் லென்னுக்கு வலது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. சாரத்தில் நின்று, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு பழைய பெயிண்டைச் சுரண்டினான். பிரிஸ்டல் துறைமுகத்துக்கு மேலே, மேட்டுத்தெருவின் கடைசி வீடு. கட்டி இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பக்கச் சுவரின் உச்சியில் ஒரு பொய் ஜன்னல். ஜன்னல் அளவுக்குச் சுவரைக் குழித்து, கறுப்படித்து, வெள்ளையில் சட்டம் வரைந்திருக்கும். தெருவிலிருந்து பார்த்தால் நிஜம்தான். அதற்கு உள்பக்கம், லென் குடும்பம் வாடகைக்கு இருக்கும் மச்சு அறையில், டெஸ்ஸாவின் கட்டில். போன பிப்ரவரியில், பத்தொன்பது வயதில், மகள் இருமி இருமிச் செத்த கட்டில்.

"தெருவுல போறவனுக்கு ஜன்னலு, எனக்குச் சுவரா?" என்பாள் டெஸ்ஸா.

"அந்தக் காலத்துல ஜன்னலுக்கு வரி போட்டானுங்க, அடச்சிட்டாங்க. அப்பா ஒடச்சுத் தர்றேன். படுத்துக்கிட்டே கப்பல் பாரு."

இந்தத் தெருவில் எல்லாரும் சொல்கிற கதை அது. உடைக்க அனுமதி கேட்டதற்கு, பழங்காலக் கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற வீடு, கை வைக்கக் கூடாது, ஆரம்பத்திலிருந்தே அங்கே ஜன்னல் கிடையாது என்று நகராட்சி இரண்டு முறை எழுதியது. சாக்குச் சொல்கிறார்கள் என்றாள் அவன் மனைவி பெரில்.

இப்போது வீட்டுக்காரர் அந்தப் பொய் ஜன்னலையே புதுசாக வரையச் சொல்லியிருக்கிறார். கீழே தேநீர்க் கோப்பையோடு பெரில் நின்றாள்.

"வரையாத. ஒடச்சிடு."

"இப்ப யாருக்குடி?"

"அவளுக்குத்தான். வாய் கிழியச் சொன்னேல்ல? ஜெயில்ல போட்டாப் போடட்டும். வீடாவது நிம்மதியா இருக்கும்."

சிரிக்கத்தான் சொன்னாள். இருவருமே சிரிக்கவில்லை.

லென் சுத்தியலை எடுத்து ஓங்கினான். நாலாவது அடியில் ஒரு செங்கல் உள்ளே விழுந்தது. விழுந்துகொண்டே போனது. துளையிலிருந்து கரி கொட்டியது. கையை விட்டான், முழங்கை வரை வெறுமை, பிறகு இன்னொரு சுவர். கீழ்மாடி அடுப்பின் வெதுவெதுப்பு விரலில் பட்டது. புகைபோக்கி. வரிக்காக அடைத்த ஜன்னல் இல்லை, கட்டினவனே வெளி அழகுக்காக வைத்த பள்ளம். நகராட்சி எழுதியது சரிதான்.

"என்ன தெரியுது? அவ கட்டிலு தெரியுதா?"

கரி படிந்த கையை வெளியே எடுத்தான்.

"தெரியுது."

"அப்ப நான் மேல போறேன். வெளிச்சம் வருதான்னு சொல்றேன்." கோப்பையைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினாள். முட்டி வலிக்காரி, ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் துளைக்குள்ளிருந்து கேட்டது, அந்தப் பக்கச் சுவரை உள்ளங்கையால் தட்டும் சத்தம். "லென்? எங்க ஒடச்ச? லென்?"

அவன் கறுத்த கையோடு நின்றான். டெஸ்ஸாவுக்கு ஒரு ஜன்னல் பாக்கி.