உள்ளே போகாத திருப்புளி

எங்கள் ஊரில் வண்டி பார்க்க வருகிறவர் முதலில் கதவைத் திறக்க மாட்டார். தரையில் படுப்பார். பனிக்காலம் முழுக்கப் பனியை உருக்கச் சாலையில் கொட்டுகிற உப்பு எந்த வண்டியையும் அடியிலிருந்துதான் தின்னும். அதனால் மேல் பளபளப்பை யாரும் மதிப்பதில்லை. திருப்புளியோடு அடியில் புகுந்து, வண்டியைத் தாங்கும் சேசிஸ் சட்டத்தில் ஒரு குத்து. உள்ளே போனால் வண்டி வேண்டாம். பாதி போனால் பேரம்.

வெர்லின் ஸ்டக்கி நாற்பது வருடமாக இப்படிக் குத்திக் குத்திப் பழைய வண்டிகளாகவே வாங்கிய மாட்டுப்பண்ணைக்காரர். அறுபத்தாறு வயதில், மனைவி நெடீன் போட்ட சண்டையில் தோற்று, முதல்முறையாகப் புத்தம்புதிய பிக்கப் ஒன்றை எடுக்க, நான் விற்பனைக்கு நின்ற ஷோரூமுக்கு வந்திருந்தார். பச்சை நிறம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டும். மூன்று மாதத்தில் மூன்று வண்டி விற்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மாலையோடு நடையைக் கட்டலாம். இரண்டு விற்றிருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் கோவாச் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது வேதியியல். ஆய்வகங்களுக்கு நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டேன். முப்பத்தொன்பது பேர் பதிலே போடவில்லை. மீதி இரண்டு பேர் நேர்முகத்தில், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். ஓட்டை விழுந்த வண்டிகளுக்கு வெல்டிங் வைக்கிறார். உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வெர்லின் தீவனச் சாக்கை விரித்தார். வண்டிக்கு அடியில் போனார். வெளியே பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"நெடீன்! பழைய வண்டியக் குடுத்து ஏமாத்தப் பாக்குறாங்கடீ!"

"என்னது?"

"அச்செல்லாம் துரு! ஆரஞ்சுப் பழம் மாதிரி இருக்கு!"

நான் குனிந்தேன். "சார், அது மேல் துரு. வார்ப்பிரும்புக்குப் பெயிண்ட் அடிக்க மாட்டாங்க. ரயில்ல வரும்போது ஒரு மழை பேஞ்சா போதும், ஒரே நாள்ல இப்படி ஆயிடும். தோல் கறுக்கிற மாதிரிதான். உள்ள ஒண்ணும் ஆகாது."

"பொண்ணே, இதையேதான் இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் சொன்னான். ஆறு மாசத்துல என் காலடியில ரோடு தெரிஞ்சுது."

"ரோடு தெரிஞ்சப்பவும் இவரு நிறுத்தலியே," என்றார் நெடீன். "காலுக்குக் காத்து வருதுன்னு ஓட்டினாரு."

விற்பனை மேலாளர் டுவேன் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார். அதுவே கெட்ட சகுனம்.

"காப்பி குடுத்து உக்கார வை. அதே பச்சைல இன்னொண்ணு பின்னாடி நிக்குது. காலைல நானே அடியில படுத்து ஏழு டப்பா கறுப்பு ஸ்ப்ரே அடிச்சேன். பியானோ மாதிரி பளபளன்னு இருக்கு."

"எங்கெல்லாம் அடிச்சீங்க?"

"எல்லா இடத்துலயும்."

"சைலன்சர்லயுமா?"

"எல்லா இடத்துலயும்னு சொன்னேன்ல கோவாச்! உன் பட்டத்தை வீட்டு சுவத்துல மாட்டு. இங்க வந்து மாட்டாத."

சைலன்சர் எவ்வளவு சூடாகும், கடைச்சரக்கு ஸ்ப்ரே எந்தச் சூட்டில் புகையும், இரண்டும் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டால் பத்து நிமிடத்தில் வேலை என்னுடையது.

கறுப்பு அடி வண்டி வந்தது. வெர்லின் அடியில் போனார். உள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. "ஆகா... இதுதான்டீ புதுசு!" முகமெல்லாம் பல்லாக வெளியே வந்து பேனாவுக்குக் கையை நீட்டினார். டுவேன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

என் வாய் என்னைக் கேட்டுத் திறப்பதில்லை. "ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து போடுங்க சார்."

டுவேனின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

போனார்கள். எட்டு நிமிடம் கழித்துச் சாலைத் திருப்பத்தில் முதலில் வந்தது ஒரு மேகம். அதற்குப் பின்னால் வண்டி. ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை நெடீன். "எரியுது! நாங்க எரியுறோம்!" தேவாலய வாசலில் நின்ற இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். சவ ஊர்வலம் என்று நினைத்தார்களோ என்னவோ.

டுவேன் சுவரிலிருந்த தீயணைப்பானைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். புகையில் ஒன்றும் தெரியவில்லை. கை போன பக்கமெல்லாம் வெள்ளைத் தூளை அடித்தார். புகை விலகியபோது வண்டி நன்றாக இருந்தது. வெர்லின்தான் தலை முதல் கால் வரை மாவு பூசிய ரொட்டி மாதிரி நின்றார்.

"எரியல சார்," என்றேன். "அது பெயிண்ட். துரு தெரியக்கூடாதுன்னு காலைல அடிச்சது. எனக்குத் தெரியும். முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"கோவாச்!" என்று கத்தினார் டுவேன்.

வெர்லின் தும்மினார். கறுப்பு அடித்த வண்டிக்கு அடியில் போய்த் திருப்புளியால் சுரண்டினார். பெயிண்ட்டுக்குக் கீழே அதே ஆரஞ்சு. வெளியே வந்து முதல் வண்டிக்கு அடியில் போனார். நானும் என் ஒரே நல்ல பாவாடையோடு பக்கத்தில் ஊர்ந்து போனேன். வேலை எப்படியும் போய்விட்டது, துணி எதற்கு?

"குத்துங்க," என்றேன். "முழு பலத்தோட."

குத்தினார். டங் என்றது. ஆரஞ்சு தூள் உதிர்ந்து, அடியில் வெள்ளி மாதிரி இரும்பு.

மறுபடி குத்தினார். டங். கண் விரிந்தது. "உள்ள போகல."

"போகாது."

"நெடீன்! உள்ள போகலடீ!"

"அப்ப வெளிய வாங்க!"

அவர் எங்கே வந்தார்? அந்த அடியிலிருந்து அடுத்த அடிக்குப் போனார். சிவப்பு வண்டி, டங். வெள்ளை வண்டி, டங். எல்லாவற்றிலும் அதே ஆரஞ்சு, எதிலும் உள்ளே போகவில்லை. நாற்பது வருடத்தில் அவர் திருப்புளியை எதிர்த்து நின்ற இரும்பே கிடையாதாம். ஒவ்வொரு டங்குக்கும் கெக்கெக்கே என்று சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. மண்ணில் மல்லாந்து கண்ணீர் வரச் சிரித்தேன். எண்ணெய் மாற்ற வந்திருந்த ஒருவர், என்ன வேடிக்கை என்று குனிந்தவர், தானும் படுத்தார். நெடீன் கைப்பையை வைத்துவிட்டு, "நகருங்க, நானும் ஒரு குத்து குத்துறேன்," என்று ஊர்ந்து வந்தார்.

கடைசியில் முதல் பச்சை வண்டிக்கே வந்து சேர்ந்தோம்.

"பேப்பரக் குடு பொண்ணே."

"வெளிய போய்ப் போடலாம் சார்."

"இங்கயே போடுறேன். வெளிய போனா எனக்குப் புத்தி வந்துரும்."

தாளை அச்சில் வைத்து அழுத்தினேன். மேல்நோக்கி எழுதப் பேனா மறுத்தது. உதறினார், நக்கினார், திட்டினார். நெடீன் என் தோளைப் புரட்டிக் குப்புறப் போட்டார். முதுகில் தாளை வைத்து வெர்லின் கையெழுத்துப் போட்டார். கூச்சத்தில் நான் நெளிந்ததில் ஸ்டக்கியின் கடைசி எழுத்து ஒரு அடி நீளத்துக்கு ஓடியது.

சக்கரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் தூள் படிந்த காலணிகள் இரண்டு வந்து நின்றன.

"கோவாச். அடியில என்ன பண்ற?"

தாளை அவர் பக்கம் தள்ளினேன். காகிதம் புரளும் சத்தம்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வா," என்றன காலணிகள்.

"வரேன். அந்தப் பெயிண்ட்டை மட்டும் நான் சுரண்ட மாட்டேன்."