பழைய இரும்பு

என் தங்கச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலைக்குப் புதுசு. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் போதும், எங்கள் டப்பிங் இயக்குநரின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும்.

ஆங்கிலத் தொடர்களை ஜெர்மனில் பேசவைக்கிற ஸ்டூடியோ எங்களுடையது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்வது நான். வசனம் எழுதுகிறவர் திடீரென்று நின்றுவிட, "என் தங்கச்சி இருக்கா, ரெண்டு மொழியும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று வாயைக் கொடுத்ததும் நான்தான். சோதனைக்கு ஒரு எபிசோடு கொடுத்தார்கள். சரியாக வந்தால் தொடர் முழுக்க அவளுக்கு, சொதப்பினால் வேறு ஆள்.

கதையில் ஒரு கிழவி. மகா வாயாடி. வீட்டில் எல்லோரும் அவள் வயதைத்தான் குத்திக் காட்டுவார்கள். 'நீ ஒண்ணும் கோழிக்குஞ்சு இல்ல' என்று ஆங்கிலத்தில் மகள் நக்கலடிப்பாள். ஜெர்மனில் கோழியை இழுத்தால் யாருக்கும் புரியாது. தங்கச்சி கோழியை விரட்டிவிட்டு, 'நீ என்ன சின்னப் பொண்ணா' என்கிற மாதிரி எழுதியிருந்தாள். உதட்டசைவோடு கச்சிதமாக ஒட்டியது. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

கடைசிக் காட்சியில் வந்தது வினை. மருமகன், 'நீங்க மலையைத் தாண்டிட்டீங்க' என்கிறான். வயதாகி ஓய்ந்துவிட்டாய் என்று ஆங்கிலத்தில் அர்த்தம். 'இங்கேயிருந்துதாண்டா எல்லாம் நல்லாத் தெரியுது' என்கிறாள் கிழவி. ஜெர்மனில் அதற்குச் சொல்வது, 'நீங்க பழைய இரும்புல சேர்த்தி.' தங்கச்சி அப்படித்தான் எழுதியிருந்தாள். ஆனால் மலை போனதும் கிழவியின் பதிலும் போய்விட்டது. 'இருந்துட்டுப் போறேன்' என்று எதையோ வைத்து ஒப்பேற்றியிருந்தாள்.

"சப்புனு இருக்கும்மா" என்றார் கிழவிக்குக் குரல் கொடுக்கிற நடிகை. "இவ அடங்கிப் போற ஆளா?"

"மலையையே வச்சிடுங்க. யார் கவனிக்கப் போறா?" என்றார் இயக்குநர்.

"ஜெர்மன்ல மலையைத் தாண்டினா நோயிலிருந்து பிழைச்சாச்சுன்னு அர்த்தம் சார். மாமியாருக்கு உடம்பு தேறிடுச்சுன்னு மருமகன் சந்தோஷப்படுற மாதிரி ஆயிடும்" என்றாள் தங்கச்சி.

"இந்த வயசுல புதுசா ஆரம்பிச்சா இப்படித்தான். நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எழுந்து நாலு கேள்வி கேட்கப் போனேன். தங்கச்சி கையமர்த்தினாள். காலியாக இருந்த இயக்குநரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, சத்தம் இல்லாம ஓட்டு."

ஓட்டினேன். கையிலிருந்த வசனத்தை அவள் பார்க்கவே இல்லை. திரையில் இருந்த கிழவியை மட்டும் பார்த்தாள்.

"இன்னொரு தடவை. இவ நாற்காலிய விட்டு அசையவே மாட்டேங்கிறா, பாத்தியா?"

மைக்கில் நடிகையிடம் ஏதோ சொன்னாள். அந்தம்மாவின் தோள் சிரிப்பில் குலுங்கியது. இயக்குநர் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது நான் பதிவை ஆரம்பித்திருந்தேன்.

'நீங்க பழைய இரும்புல சேர்த்தி' என்றான் மருமகன்.

கிழவி இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். 'எங்க, தூக்கிப் பாரு!'

உதடு மூடுகிற இடத்தில் வார்த்தையும் மூடியது. உதவியாளர்கள் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒலி அளவு சரியான்னு பாக்கணும்" என்று புளுகி, இன்னும் இரண்டு தடவை போட்டுக் கேட்டேன்.

இயக்குநர் சிரிக்கவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். தன் நாற்காலி அருகே வந்து நின்றார். அப்போதுதான் தங்கச்சிக்குத் தான் உட்கார்ந்திருப்பது யாருடைய இடமென்று உறைத்தது. பதறி எழப் போனாள்.

"உட்காருங்கம்மா" என்றார் அவர். "என்னால தூக்க முடியாது."

பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த எபிசோடைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.