இருட்டுப் பழக்கம்

படிவத்தின் பதினான்காவது கேள்வியை அவர் வாய்விட்டுப் படித்தார். "பயணம் செய்பவருக்குப் பார்வைக் குறைபாடு ஏதேனும் உண்டா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் பெயருக்கு நேரே ஓர் 'இல்லை', மனைவியின் பெயருக்கு நேரே ஓர் 'இல்லை' என்று அழுத்தமாக எழுதிவிட்டுப் பதினைந்தாவதற்குத் தாவிவிட்டார். எதிரே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த அவளுக்குக் கை நின்றுபோயிற்று.

"படிக்கறதுக்குக் கண்ணாடி போடறியே, அதெல்லாம் குறையில சேராது. அப்படிப் பார்த்தா ஊர்ல பாதிப் பேர் ஊனம்தான்" என்று சிரித்தார்.

அவளும் சிரித்துவைத்தாள். சொல்ல வேண்டியது ஒன்று ஒரு வருஷத்துக்கும் மேலாக அவளுக்குள்ளேயே கிடந்தது. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். மாலைக்குள் அந்தத் தைரியம் போன இடம் தெரியாது.

கண் மருத்துவமனைக்கு அவள் தனியாகத்தான் போனாள். அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே சின்னச் சின்னப் புள்ளிகள் மின்னும், மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் அழுத்தியது கொஞ்சம், அழுத்தாமல் விட்டது அதிகம். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்ல சேதி சொல்ல யாரும் அவ்வளவு கிட்டே வருவதில்லை.

"முதல்ல இருட்டுல தெரியாமப் போகும். உங்களுக்கு அது ஏற்கெனவே போயிடுச்சும்மா. அடுத்து ஓரமெல்லாம் சுருங்கிட்டே வரும். பகல் வெளிச்சத்துல இன்னும் சில வருஷம் ஓட்டலாம். இதுக்கு மருந்து கிடையாது. வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன்" என்றாள்.

சொல்லியிருப்பாள். ஆனால் அது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். தொழில் வட்டாரத்தில் அவருக்குப் பெட்டிக்காரர் என்றே பெயர். முப்பத்தொரு வருஷம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தியவர், பெரிய நிறுவனம் ஒன்று நல்ல விலை சொன்னதும் விற்றுவிட்டார். முதல் நாள் வீடெல்லாம் சிரிப்பு. இரண்டாம் நாள் முழுக்கத் தூக்கம். மூன்றாம் நாளிலிருந்து ஏழு மாதம் பனியனோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. ஒரு தடவை மட்டும், "நான் எதுக்கும்மா தினமும் எந்திரிக்கணும்?" என்று கேட்டார். அவர் குளியலறையில் சற்றுக் கூடுதல் நேரம் இருந்தால் கதவருகே போய் நின்று, தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் எனக்குக் கண் போகிறது என்று எந்த வாயால் சொல்வது?

அவரை எழுப்பியது ஒரு படம். பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் கிடந்த பத்திரிகையில், பனிமலைக்கு மேலே பச்சைச் சேலையை உதறிப் போட்டதுபோல், வடதுருவத்து இரவு வானத்தில் ஆடுகிற துருவ ஒளி. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அறுபத்திரண்டு வயதில் அவர் செய்த முதல் திருட்டு அது. மறுநாள் காலை சவரம் செய்து, அதை இருவரும் நேரில் போய்ப் பார்த்தே தீர்வது என்று பழையபடி எட்டு மணிக்கு மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டிக்குப் போட்ட கணக்கையெல்லாம் இப்போது வானத்துக்குப் போட்டார். எந்த மாதம் மேகம் குறைவு, எந்த ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கோப்பு கோப்பாகச் சேர்ந்தது. ஆயுசு முழுக்க முட்டி இடிக்கிற இருக்கையில் விமானம் ஏறியவர், இந்த ஒரு தடவை ராஜா மாதிரி போக வேண்டும் என்றார். கண்ணாடிக் கூரை போட்ட தனி வீடு, சமைக்க ஓர் ஆள், நாய்கள் இழுக்கிற வண்டி. எல்லாவற்றையும்விட முக்கியமாக நிலா அறவே இல்லாத வாரம். பக்கத்து ஊர் விளக்குகூடத் தெரியாத இடம். "இதைவிட இருட்டான இடம் உலகத்துலயே கிடையாதாம்" என்று அவர் குழந்தை மாதிரி சொன்னபோது அவள் கோப்புகளை அடுக்கிவைக்கத் தொடங்கினாள்.

அதோடு விட்டாரா? இருட்டுக்குக் கண்ணைப் பழக்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, சாயங்காலச் சாப்பாடு ஆனதும் அரை மணி நேரம் வீட்டு விளக்கெல்லாவற்றையும் அணைத்துவிடுவார். "இப்ப பாரு, கொஞ்ச நேரத்துல மேசை தெரியும், அப்புறம் ஜன்னல் தெரியும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பார். அவள் சோபாவை விட்டு அசையமாட்டாள். முட்டிவலி என்பாள். ஆமாம், தெரிகிறது, ஜன்னல் தெரிகிறது என்பாள். அவர் சந்தோஷமாக விசிலடிப்பது இருட்டுக்குள் அங்கும் இங்கும் போய்வரும். அந்த விசிலுக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த நிமிஷமே, இத்தனை வருஷம் கூட இருந்த மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று கோபம் பற்றிக்கொண்டு வரும். தெரியாதபடி பார்த்துக்கொண்டது தான்தானே என்று அந்தக் கோபத்தையும் விழுங்குவாள்.

படிவம் நிரப்பிய அன்றே பயண அலுவலகத்தில் கையெழுத்து. காரில் போகும்போது எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். அவர் வழி நெடுக, அங்கே என்ன காலணி, எத்தனை அடுக்குக் கம்பளி என்று பேசிக்கொண்டே வந்தார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, "இங்க பாருங்க" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லு."

"சட்டையில பொத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க" என்று முடித்தாள்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் வாடிக்கையாளரை ஓர் இருட்டறையில் படுக்கவைத்து, கூரையில் துருவ ஒளியைப் போட்டுக் காட்டுவார்கள். "படத்துல இருக்கற மாதிரி பளிச்சுனு இருக்காது சார். நேர்ல எவ்ளோ மங்கலா இருக்குமோ அதே அளவுக்குத்தான் இங்கயும் வெச்சிருக்கோம். அங்க போயிட்டு, இவ்ளோதானான்னு யாரும் எங்களைத் திட்டக் கூடாது பாருங்க" என்றாள் அங்கே பொறுப்பிலிருந்த பெண். "முதல் பத்து நிமிஷம் ஒண்ணுமே வராது. கண்ணு இருட்டுக்குப் பழகணும். அப்புறம் தானா ஆரம்பிக்கும். பாட்டு, மியூசிக் எதுவும் கிடையாது. நான் வெளியில இருக்கேன்."

மணி காலை பதினொன்று. கதவு சாத்தியதும் அவளுக்கு உலகம் அணைந்தது. இரண்டு பேரும் அகலமான கட்டிலில் அருகருகே மல்லாந்து கிடந்தார்கள். அவள் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் என்றால் அறுநூறு. அறுநூறைத் தாண்டியதும் அழகாக இருக்கிறது என்று சொன்னால் போதும். ஆனால் பயத்தில் எண்ணிக்கை ஓட்டமெடுத்தது. அறுநூற்று இருபதில் அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்பா! எவ்ளோ பச்சை! திரைச்சீலை மாதிரி ஆடுது பாருங்க" என்றாள்.

அவர் பக்கத்துத் தலையணை சரசரத்தது.

"எங்கேம்மா? இன்னும் ஒண்ணுமே வரலையே" என்றார் அவர்.

அவளுக்கு நாக்கு முந்திக்கொண்டது. "சும்மா சொன்னேன். அந்தப் படத்தையே ஆறு மாசமாப் பார்த்துட்டு இருக்கீங்களே, கண்ணை மூடினாலும் எனக்கு அதுதான் தெரியுது."

அவர் கட்டில் குலுங்கச் சிரித்தார். "ஏமாத்திட்டியே!" என்று அவள் முழங்கையைத் தட்டினார். அவளுக்குத் தப்பித்தோம் என்று நிம்மதி வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அந்தப் பனிக்கு நடுவே ஏழு இரவுகள் இப்படியே மல்லாந்து கிடந்து, அவர் மூச்சை வைத்து வானத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முடியாது என்று தோன்றியது. இனி வாயே திறப்பதில்லை, அவராகச் சொல்லட்டும் என்று கிடந்தாள்.

அவர் சிரிப்பு அடங்கியது. நேரம் போயிற்று. அவர் மூச்சு ஒரே சீராக இருந்தது. பிறகு அந்தச் சீர் எங்கேயோ தடுக்கிற்று. அவர் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியதுபோல் இருந்தது.

"இன்னும் வரலை, இல்ல?" என்றார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"ஆமா. பொறுங்க, வரும். உங்களுக்கு எல்லாத்துக்கும் அவசரம்" என்றாள்.

கட்டில் அவர் பக்கம் அழுந்தியது. முழங்கையை ஊன்றி அவள் பக்கமாகத் திரும்புகிறார் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் முகத்தில் லேசாக ஒரு காற்று பட்டது. குளிர்சாதனக் காற்று இல்லை, அது கால்மாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இது இடமிருந்து வலமாகப் போயிற்று, வலமிருந்து இடமாகத் திரும்பி வந்தது. அவர் கைகழுவிய சோப்பின் மணம் அதில் இருந்தது.

தலைக்கு மேலே வானம் முழுக்க ஒளி வந்துவிட்டிருக்கிறது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. எவ்வளவு நேரமாக என்பதுதான் தெரியவில்லை. கண்ணைச் சிமிட்ட வேண்டுமா கூடாதா என்று புரியாமல் அகலத் திறந்தபடியே வைத்திருந்தாள். காற்று நின்றது. பிறகு இன்னும் கிட்டத்தில், இன்னும் மெதுவாக, அந்தக் கை மறுபடியும் அவள் கண்களுக்கு முன்னால் போய்வந்தது.