பவுனம்மாளை மகளாக்கிய டிஸ்க்

1984ஆம் ஆண்டு மலேசியத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் டிஸ்க் தனக்குள் எழுதப்பட்ட பொய்களைத் திருத்த ஆரம்பித்தது. அந்த வருடம் மழையும் அதிகம். ஊரிலுள்ள கம்பெனிகளின் பெயர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்று அங்கே கடைவீட்டு மாடியில் இருந்தது. வாங்கும் டிஸ்க்குகளைச் சோதிப்பது சண்முகரத்தினத்தின் பொறுப்பு. யாழ்ப்பாணத்து வழி வந்தவர், கறாரான மனிதர். பெரிய அப்பளம் அளவிலான டிஸ்க்கில் எதையாவது எழுதி, ஒரு மாதம் அலமாரியில் பூட்டி வைத்து, எடுத்துப் படிப்பார். எழுதியது எழுத்துப் பிசகாமல் வந்தால் நல்ல டிஸ்க். இல்லாவிட்டால் வெட்டிக் குப்பையில் போட வேண்டும்.

அங்கே டைப் அடித்த பவுனம்மாள் ஒருமுறை சோதனைக்குத் தன் பெயரையே, அடையாள அட்டையில் உள்ளபடி அடித்து வைத்தாள். அவள் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்பைப் பதிந்த தோட்டத்து எழுத்தரான கிராணி அன்று எந்த ஞாபகத்தில் இருந்தாரோ, மகள் என்பதற்கான ஏ/பி போடாமல் மகன் என்பதற்கான ஏ/எல் போட்டுவிட்டார். அடையாள அட்டையிலும் அவள் சபாபதியின் மகன். அது யாரையும் உறுத்தவில்லை. கிள்ளானில் லோரி ஓட்டும் விஜயனோடு கல்யாணம் பேசி, கோயிலில் பதியப் போனபோதுதான், இரண்டு ஆண்களுக்குத் திருமணம் பதிய வழியில்லை என்று பதிவாளர் கைவிரித்தார். பதியாமல் தாலி கட்டவும் விடமாட்டார்கள். விஜயன் வீட்டில் வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், பவுனம்மாள் சோறு இறங்காமல் திரிந்தாள்.

மாதம் கழித்துப் படித்தபோது டிஸ்க், பவுனம்மாள் ஏ/பி சபாபதி என்றது. ஏ/எல் என்று மறுபடி எழுதிப் பூட்டினார்கள். மறுபடியும் மகள்தான்.

“அங்கிள், இத அப்படியே பிரிண்ட் எடுத்து சைன் போட்டுக் குடுங்க லா. டிஸ்க் உண்மையத்தானே சொல்லுது?” என்று கேட்டாள் பவுனம்மாள்.

“உண்மை சொல்லுறது டிஸ்க்கின்ர வேலை இல்லைப் பிள்ளை. தந்ததைத் தந்தபடி வச்சிருக்கிறதுதான் அதின்ர நாணயம்” என்றார் சண்முகரத்தினம்.

ஆனாலும் நியாயமான மனிதர். பழுது என்று முடிவு கட்டுமுன் தன் பெயரையும் பிறந்த தேதியையும் அதில் எழுதி வைத்துப் பார்த்தார். டிஸ்க் அவருக்கு மூன்று வயது கூட்டித் திருப்பிக் கொடுத்தது. வேலைக்காக அவருடைய அப்பா குறைத்துப் போட்ட மூன்று வயது அது. அந்தக் கணக்கில் ஐம்பத்தைந்து வயது ஓய்வு அவருக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். விதிமுறைகள்மேல் அவருக்கிருந்த பற்று அன்று இரட்டிப்பானது. டிஸ்க் பழுது, உடனே வெட்டவும் என்று முதலாளிக்கு அறிக்கை அடித்தார். அடித்த பதற்றத்தில், மெஷினுக்குள் இருந்த அதே டிஸ்க்கில் அதைச் சேமித்தும் விட்டார்.

மாதக் கடைசியில் முதலாளி பழனியப்பன் எடுத்த பிரிண்டில், டிஸ்க் நன்றாக இருக்கிறது, சோதித்தவருக்கு வயது ஐம்பத்தேழு என்று இருந்தது. கம்ப்யூட்டர் சொன்னால் அவரிடம் மறுபேச்சு இல்லை. சண்முகரத்தினத்துக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டிஸ்க்கை வேலையில் வைத்துக்கொண்டார். பவுனம்மாள் நீட்டிய பிரிண்டிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

கோயில் பதிவாளர் பிறப்புப் பத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓரமெல்லாம் துளையிட்ட அந்தத் தாளைப் பக்தியோடு தடவிப் பார்த்தார். “கம்ப்யூட்டர்லயே வந்திருச்சு, அப்புறம் என்ன லா” என்றார். பெண் பக்கத்துச் சாட்சியாகப் பவுனம்மாள் அழைத்திருந்தது சண்முகரத்தினத்தை. வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். புது வேட்டியில் வந்து, பெயரை எழுதினார். வயது கேட்ட இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. மணமேடையில் விஜயன் பக்கத்தில் இருந்த பவுனம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.